மிதித்தாலும் ஏறாத சத்தம்

காரில் பாட்டு செட் மாட்டிக்கொடுப்பது என் தொழிலாக இருந்தது. எண்பதுகளின் கடைசியில், ஓசூரில் பாகலூர் சாலை திரும்பும் இடத்தில், டயர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒரே ஒரு ஷட்டர் அகலத்துக்கு எனக்கு ஒரு கடை. செட் மாட்ட யாருக்கும் தெரியும். மாட்டிய செட்டில் பாட்டோடு சேர்ந்து வரும் வேண்டாத இரைச்சலை விரட்டுவதில்தான் எனக்குப் பெயர். பெங்களூரில் பெரிய கடையில் மாட்டிய செட் கத்துகிறது என்று அத்திப்பள்ளி தாண்டி என்னைத் தேடி வருவார்கள். என் கடைக்குள் வந்த வண்டி இரைச்சலோடு வெளியே போனதில்லை என்று பெருமையடித்துக்கொள்வேன். கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அதற்கு முன் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தேன். தகட்டை வைத்து பெடலை மிதித்தால் மிஷின் இறங்கி அடிக்கும், தரை குலுங்கும். அந்தக் கூரைக்குள் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். கன்னடம் எனக்கு உதட்டில் முழுதாகப் புரியும், காதில் கேட்டால் பாதிதான் புரியும். காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். பஞ்சு வைக்கிறவன் புதுசாக வந்தவன் என்று அர்த்தம், அதனால் எல்லோரும் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்போம்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லா மிஷினும் நின்றதும் ஒரு அமைதி இறங்கும். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிபன் டப்பாவைத் திறக்காமல் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அந்த அமைதியில், மேலே சுற்றுகிற விசிறிகளில் எதனுடைய பேரிங் போகப்போகிறது என்று சொல்வேன், அதே விசிறி சில நாளில் நிற்கும். அந்தக் காதை நம்பித்தான் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தேன். காது கைவிட்டால் கடை இல்லை, திரும்பிப் போய் நிற்க மிஷினும் இல்லை. அது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

அவள் அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். காலை முதல் டெலிபோன் போர்டின் முன்னால், தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தமிழில் கேட்பவருக்குத் தமிழிலும், கன்னடத்தில் கேட்பவருக்குக் கன்னடத்திலும், யாரென்று தெரியாதவருக்கு இங்கிலீஷிலும் லைன் போட்டுக்கொடுப்பாள். வீட்டில் அவள் குரல் கொஞ்ச நாளாகவே பெரிதாகிக்கொண்டு வந்தது. "போர்டுல கத்திக் கத்தி உனக்குக் குரல் தடிச்சுப்போச்சு" என்று கிண்டல் செய்வேன். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள்.

கடையில் என் வேலை முறை கொஞ்சம் வேடிக்கையானது. வண்டியோடு வருகிறவரை முதலில் ஸ்டூலில் உட்கார வைத்து, அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டச் சொல்வேன். பெரிய மனிதர்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு லாரி ஓனர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக "கூஊஊ" என்பார். சூளகிரிப் பக்கத்து ரோஜாத் தோட்டக்காரர் தெலுங்கில் கதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நாக்கை மடித்து "டக்டக்டக்" என்பார். எனக்கு அது போதும். கூவுகிற சத்தம் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறினால் அது டைனமோ. டக்டக் என்றால் பிளக், காயில். பள்ளத்தில் விழும்போது மட்டும் கரகரத்தால் எங்கோ வண்டித் தகட்டில் முறுக்கிய எர்த் வயர் லூஸ். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம் என் வெற்று கேசட். எதுவும் பதியாத கேசட் ஒன்று வைத்திருந்தேன். அதைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். பாட்டு இருந்தால் அதன் பின்னால் இரைச்சல் ஒளிந்துகொள்ளும். வெற்று கேசட்டில் ஒளிய இடமில்லை. எல்லாம் சரியாக இருந்தால் அதில் தூறல் போல ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் வரும். வேலை முடிந்த வண்டியில் அந்தத் தூறலைக் கேட்டபடி கொஞ்ச நேரம் கிடப்பதுதான் எனக்கு அந்தத் தொழிலில் கிடைத்த சுகம். வெளியே ஹாரன்கள் அடிக்கும், டயர் கடையில் சுத்தியல் விழும், அதெல்லாம் வேறு ஊரில் நடப்பதுபோல் இருக்கும். சில சமயம் தூங்கியும் போயிருக்கிறேன்.

அந்த வருஷம் மா பூத்து முடிந்த சமயத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பாய் வந்தார். மாங்காய், புளி வியாபாரம். க்ரீம் கலர் அம்பாசிடர், அதில் மருமகன் வாங்கிக்கொடுத்த புது செட். ஸ்டூலில் உட்கார வைத்துச் சத்தம் போடச் சொன்னேன். அவருக்குக் கூச்சமெல்லாம் இல்லை. "மிதிச்சா கூடவே ஒருத்தி ஒப்பாரி வெக்கிறா தம்பி" என்று சொல்லி, காலால் மிதிப்பதுபோல் தரையை அமுக்கி, "ஊஊம்ம்ங்" என்று ஏற்றி இறக்கிக் காட்டினார். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

டைனமோதான். இரைச்சலை உறிஞ்ச அதற்கு ஒரு கண்டென்சர் போட்டேன். செட்டுக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுத்தேன். ஒப்பாரி நின்றது. பாய் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, "மாஷா அல்லா, இப்பத்தான் பாட்டு பாட்டா இருக்குது" என்றார். அன்றைக்கே அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

நான்தான் விடவில்லை. வெற்று கேசட்டைப் போட்டுப் பார்த்தபோது, தூறலுக்கு மேலே, நூல் கனத்தில் ஒரு 'கொய்ங்' இருந்தது. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது பாய், ரெண்டு நாள் விடுங்க" என்றேன். அவர் காதைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலயே தம்பி" என்றார். "உங்களுக்குக் கேக்காதுங்க. எனக்குக் கேக்குதே" என்றேன், அப்படிச் சொல்வதில் ஒரு சுகத்தோடு.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமில்லாத ஜாதி. மிதித்தால் ஏறவில்லை, விட்டால் இறங்கவில்லை. டைனமோவை இன்னொரு தரம் கழற்றிப் பார்த்தேன். பிளக் வயர்களை மாற்றினேன். பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் பிரித்து, அந்தக் கம்பியைச் சுற்றி, இரைச்சலை வடிகட்ட ஒரு சோக் செய்து மாட்டினேன். ஏரியலைக் கழற்றினேன். செட்டின் எர்த்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் கொடுத்தேன், பிறகு அதைப் பிடுங்கி வேறிடத்தில் கொடுத்தேன், மறுபடி பிடுங்கினேன். சத்தம் அப்படியே இருந்தது. கூடவுமில்லை, குறையவுமில்லை.

தப்பு வண்டியில் இல்லை, ஊரில் இருக்கிறது என்று அடுத்ததாகத் தோன்றியது. தொழிற்பேட்டைக்குப் போகிற பெரிய கரண்ட் லைன்கள் எங்கள் தலைக்கு மேலேதான் ஓடின. சரி, லைன் இல்லாத இடமாகப் போவோம் என்று விடியலில் பாயின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த மாதத்தில் எங்கள் ஊர்ப் பனியைப் பற்றிச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ரோட்டோரத்துத் தைல மரங்கள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். சூளகிரி மலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. எதிரே வரும் பஸ் முதலில் இரண்டு மஞ்சள் புள்ளியாக வந்து, பக்கத்தில் வந்ததும் பஸ்ஸாக மாறி, பின்னால் மறுபடி ஒன்றுமில்லாமல் போகும். நான் பாட்டில்லாத கேசட்டைப் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளைக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

சூளகிரி தாண்டியும் சத்தம் வந்தது. இன்னொரு நாள் போச்சம்பள்ளி வரைக்கும் போனேன். அங்கேயும் அதே கனத்தில் வந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பயணங்களில் எனக்கு அலுப்பே இல்லை. அந்தக் கொய்ங் ஒரு மாதிரி பழகிவிட்டது. பனிக்குள் நானும் அதுவும் மட்டும் போவதுபோல் இருக்கும். திரும்பி வந்து கடையைத் திறந்ததும்தான் கோபம் வரும்.

அதே நாட்களில் வீட்டில் டியூப்லைட்டும் கத்த ஆரம்பித்தது. அதன் சோக்கை மாற்றினேன். புது சோக்கும் கத்தியது. மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரரிடம் போய், வயரிங் சரியில்லை என்று சண்டை போட்டேன். என் மனைவி நடுவில் வந்து, "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள். "கம்பெனி போனக் கேட்டுக் கேட்டு உன் காது மழுங்கிப்போச்சு" என்றேன். வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாய் பஸ் ஏறி வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியாக வந்த அன்று மட்டும், "தோப்புல பிஞ்சு விட்டாச்சு தம்பி. நான் நேர்ல போய்ப் பார்த்தாத்தான் வெலை பேச முடியும். ஞாயித்துக்கெழம வரேன், வண்டிய எடுத்துட்டுத்தான் போவேன்" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். முதல் தடவையாக என் கடையிலிருந்து ஒரு வண்டி சத்தத்தோடு போகப்போகிறது.

ஞாயிறு அவளுக்கு போர்டு இல்லை. சந்தைக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவளையும் காரில் ஏற்றிக்கொண்டேன். "அடுத்தவங்க வண்டியில காய் வாங்கப் போறதா?" என்று முணுமுணுத்தாள். கால்நடைப் பண்ணையை ஒட்டிய ரோட்டில், மனித நடமாட்டமே இல்லாத இடத்தில், கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று நிறுத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெளி முழுக்கப் பனி. அதற்குள் மாடுகள் படுத்திருந்தன, முதுகு மட்டும் தெரிந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு வெற்று கேசட்டைப் போட்டேன். தூறல் வந்தது, அதன் மேல் கொய்ங் வந்தது. "இப்பவாச்சும் கேக்குதா?" என்றேன். "இல்லீங்க" என்றாள். செட்டை அணைத்தேன். தூறல் நின்றது. கொய்ங் நிற்கவில்லை.

அணைத்த செட் எப்படிப் பாடும்? இறங்கி பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரைப் போட்டு பேட்டரி கேபிளைக் கழற்றினேன். இனி அந்த வண்டி வெறும் இரும்பு. கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கொய்ங் அதே கனத்தில் இருந்தது. கேபிளைக் கீழே விட்டுவிட்டு, வேலியோரமாகவே நடந்தேன். வண்டி பனியில் மங்கலாகிற தூரம் வரைக்கும் போனேன். வண்டி அங்கேயே நின்றது, சத்தம் என்னோடு வந்திருந்தது.

எனக்குப் பயம் வந்தது. ரோட்டோரத்துச் சிறுபாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அவள் புடவைத் தலைப்பைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டியில இல்ல" என்றேன்.

"தெரியும்ங்க."

"என் காதுல இருக்குது."

அவள் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "என் குரல் தடிச்சுப்போச்சுன்னு சொல்லுவீங்களே, அது தடிக்கல. மெதுவாப் பேசினா நீங்க திரும்பிப் பார்க்கறதில்ல. அதான் கூட்டிப் பேசறேன்" என்றாள். "ஏன் சொல்லல?" என்றேன். "எப்படிச் சொல்றது? கடையே உங்க காதுதானே" என்றாள்.

அவள் பேசிய எல்லாவற்றையும் நான் அவள் உதட்டைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை காலமாக அப்படி என்று தெரியவில்லை.

"உனக்கு இப்ப என்னென்ன கேக்குது?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். "மாடு அசை போடுது. தூரத்துல பஸ் கியர் மாத்துது. இந்த வேலிக் கம்பியில தண்ணி சொட்டுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா அது எப்படி இருக்குது?"

அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள். "எல்லா லைனும் பேசி முடிச்சு வெச்சுட்ட மாதிரி இருக்குதுங்க. யாரையும் யாருக்கும் குடுக்க வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே இருந்தாள். அவள் முகத்தில் அந்த அமைதி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மிஷின்கள் நின்றதும் நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே அமைதிதான். அது கடைசியாக என்றைக்கு எனக்குக் கேட்டது? கடைசித் தடவை என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மாடுகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பின்னாளில் பெங்களூரில் ஒரு காது டாக்டர், மிஷின் சத்தத்தில் நரம்பு தேய்ந்தால் இப்படித்தான் தானாகப் பாடும், இனி அது நிற்காது என்று சொன்னார். அதை அன்றைக்கே அந்தச் சிறுபாலத்தில் நான் ஏறக்குறையத் தெரிந்துகொண்டுவிட்டேன்.

"எந்திரிங்க" என்றாள். "பாய் வந்துடுவாரு. கேபிள மாட்டி வண்டிய எடுங்க, நான் கேக்கறேன்."

கேபிளை மாட்டினேன். அவள் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினாள், கண்ணை மூடிக்கொண்டாள். காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள், ஹெட்போன் மாட்டப்போவதுபோல. வெற்று கேசட்டை ஓடவிட்டு ஓட்டினேன். சந்தைப் பக்கம் போகவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "அந்த கொய்ங் இல்ல. ஆனா வேற ஒண்ணு இருக்குது" என்றாள்.

"என்னது?"

"பிரேக்கப் புடிங்க." பிடித்தேன். "விடுங்க. மறுபடி." பிடித்தேன். அவள் கண்ணைத் திறக்காமல், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, "ப்ளக்" என்றாள். "எடது ஸ்பீக்கர்ல. ஒவ்வொரு தடவையும் வருது." எனக்கு எதுவுமே கேட்கவில்லை. இந்தச் சத்தம் பாய் கொண்டுவந்தபோது வண்டியில் கிடையாது.

கடைக்குப் போய் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். எர்த்தை அங்கே இங்கே மாற்றிக்கொண்டிருந்த ஆவேசத்தில், பிரேக் லைட்டின் எர்த்தையும் செட்டின் எர்த்தையும் ஒரே போல்ட்டில் முறுக்கி வைத்திருந்தேன், அதுவும் கரண்ட் சரியாகப் பாயாத பெயின்டின் மேலேயே. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அது ஸ்பீக்கரை உதைத்திருக்கிறது. இல்லாத சத்தத்தைத் துரத்தி இருக்கிற சத்தம் ஒன்றை நானே பெற்றுப் போட்டிருக்கிறேன். இரண்டையும் பிரித்து, பெயின்டைச் சுரண்டி, தகடு பளபளத்த பிறகு போல்ட்டை இறுக்கினேன்.

நான் அடியிலிருந்து எழும்போது பாய் வந்து ஷட்டர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. என் மனைவி முன் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன். மிதித்தேன், விட்டேன். பிரேக்கைப் பிடித்தேன், விட்டேன். இண்டிகேட்டர் போட்டேன், ஹாரன் அடித்தேன், வைப்பரை ஓட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தையே பார்த்தேன்.

"இப்ப ஒண்ணும் இல்லீங்க" என்று கண்ணைத் திறந்தாள்.

பாய் குனிந்து ஜன்னல் வழியாகக் கேட்டார். அவளை அல்ல, என்னை.

"நீ என்ன சொல்ற தம்பி? உனக்கு ஏதோ கேக்குதுன்னியே?"

எஞ்சினை அணைத்தேன். அது நின்றதும் கொய்ங் முன்னைவிட நன்றாகவே கேட்டது, காது நிறைய, தலை நிறைய. இறங்கி, சாவியை அவர் கையில் வைத்தேன்.

"ஒண்ணும் இல்ல பாய்" என்றேன். "எடுத்துட்டுப் போங்க."